ஹனீஃபா பாயும் ஆறாவது மாடியும்

ஹனீஃபா பாய்க்குப் புத்தி பிசகிவிட்டது என்று ரெங்கநாதன் தெருவில் முதலில் சொன்னவன் நான் இல்லை. ஆனால் அதை முதலில் நம்பியவன் நான்தான். முப்பத்திரண்டு வருஷம் எதிரும் புதிருமாக நின்று பிழைத்த மனுஷனைப் பற்றி யாரோ டீக்கடையில் சொன்னான். நானும் "அப்படியும் இருக்கும்" என்று தலையாட்டிவிட்டு வந்து கடையைப் பார்த்தேன். அதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். அது கையால் ஆகவில்லை, எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் அய்யாதுரை. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து இறங்கித் தெருவுக்குள் நுழைந்தால் இடது கைப் பக்கம் என் நடைபாதைக் கடை. கைக்குட்டை, பெல்ட், மழை வந்தால் குடை. எனக்கு நேர் எதிரே ஒரு பெரிய ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம், முதலாளி நல்லவர், மழைக்கு ஒதுங்க இன்றும் எனக்கு இடம் தருகிறார். அந்தக் கடை வாசலில் நின்று, போகிற வருகிற சனங்களைக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவதுதான் பாயின் வேலை. முப்பத்தைந்து வருஷம் அதே வாசல், அதே மூன்றாவது படி.

கூப்பிடுவது என்றால் தொண்டை கிழியக் கத்துவது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குத்தான் தெருவில் ஆயிரம் பேர் இருக்கிறோமே. பாய் ஆளைப் பார்த்துக் கூப்பிடுவார். கூட்டத்தில் பத்துப் பேருக்குப் பின்னால் வருகிற ஒரு குடும்பத்தைப் பார்த்ததும், "பொண்ணுக்குக் கல்யாணமா நைனா? பட்டு மேல கீது, லிஃப்ட் கீது, பெரியம்மாவ படி ஏற வுடாத!" என்பார். அந்த நைனா திகைத்துப்போய் நிற்பார். பெண்ணுக்குக் கல்யாணம்தான், பெரியம்மாவுக்கு முழங்கால் வலிதான். எப்படிக் கண்டுபிடித்தீர் என்று கேட்டால், "மஞ்சப்பைய நெஞ்சோட அணைச்சுக்கினு வராரு பாரு, அதுல துட்டு இல்லடா துரை, பத்திரிக்க கீது" என்று சிரிப்பார்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்துவிட்டு அழுகிறவர்கள் போலீஸ் பூத்துக்குப் போகமாட்டார்கள், பாயிடம்தான் வருவார்கள். அவர் ஒருமுறை குரல் கொடுத்துக் கேட்டாரென்றால் தெருவின் அந்தக் கோடியில் "இங்க கீது பாய்" என்று பதில் வரும். அரக்கோணத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வருஷம் ஒருமுறை துணி எடுக்க வருகிறவர்கள் வாசலைப் பார்த்து "பாய் இன்னும் கீறாரு" என்று நிம்மதியாக உள்ளே போவார்கள். ரம்ஜான் மாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நாள் முழுக்கக் கூப்பிடுவார். சாயங்காலம் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வரும். நோன்பு அவர் பிடிப்பார், கஞ்சியில் பாதி நான் குடிப்பேன். அந்தக் கஞ்சியின் பூண்டு வாசனை இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது. நல்ல காலம் அது. அப்போது தெரியவில்லை, கால் வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டே கழித்துவிட்டோம்.

கஞ்சியைக் காய்ச்சி அனுப்பியவர் குல்சும், பாயின் மனைவி. வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். வரிசையாக ஆறு வீடு, நடுவில் நடை, கோடியில் ஒரு கக்கூஸ், ஒரு அடிபம்பு. இந்த வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் காரை விழும். பக்ரீத் பிரியாணிக்கு நான் போகும்போதெல்லாம் குல்சும் இரைத்துக்கொண்டே பரிமாறுவார். சாக்கடை ஈரமும் பக்கத்து மெஸ் புகையும் சேர்ந்து அவருக்கு வீசிங். பாய்க்கு அந்த வீட்டைப் பற்றி ஒரு கருத்தும் கிடையாது. அவர் அங்கே தூங்க மட்டும்தான் போனார், வாழ்ந்ததெல்லாம் தெருவில். குல்சும் முப்பத்தாறு வருஷமும் அந்த நடைக்குள்ளேயே வாழ்ந்தார்.

மகன் ஷோயப் தங்கமான பையன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் வேலை. மருமகள் ஃபிசாவும் வேலைக்குப் போகிறது. இரண்டு பேருமாகக் கடன் போட்டு ஆதம்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கினார்கள், ஆறாவது மாடி. பாய்க்கு நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டு புண்ணாகிவிட்டது. இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "போதும் அத்தா, இத்தன வருஷம் அந்தக் கூட்டத்துல கஷ்டப்பட்டுட்டீங்க, இனிமே அமைதியா இருங்க" என்றான் பையன். முதலாளி சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார். பாயும் சந்தோஷமாகத்தான் போனார். எல்லாரும் அவருக்கு நல்லதைத்தான் செய்தார்கள். இந்தக் கதையில் கெட்டவன் என்று யாரையாவது பிடித்துத் திட்டலாமென்றால் ஆளே அகப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் குல்சும் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

போன முதல் வாரமே பாய் ஒரு காரியம் செய்தார். சாயங்காலம் கீழே போய் வருகிறேன் என்று லிஃப்டில் ஏறியவர், அதைவிட்டு இறங்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம், "வாங்கம்மா, உள்ள வாங்க, எடம் கீது, பாப்பாவ முன்னாடி வுடு! சார், நாலாவது மாடியா? ஏறு ஏறு!" மூன்றாவது படியில் முப்பத்தைந்து வருஷம் நின்றவருக்குக் கதவு திறந்து ஆள் தெரிந்தால் வேறென்ன செய்யத் தெரியும்? ஏறுகிறவர்கள் காதில் ஒயரோடு, தரையைப் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். ஒரு பெண்ணின் கையில் இருந்த கவரைப் பார்த்து, "இன்னாம்மா, மாசமா கீறியா, ஸ்கேன் எடுத்துக்கினு வரியா?" என்று கேட்டுவிட்டார். எங்கள் தெருவில் அந்தக் கேள்விக்குப் பெண்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அந்தப் பெண் இன்னும் தன் மாமியாருக்கே சொல்லவில்லை.

மறுநாள் அசோசியேஷன் செயலாளர் ஸ்ரீஹரி வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனுஷர். குல்சும் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "தப்பா நினைச்சுக்காதீங்க சார், லேடீஸ் கொஞ்சம் அன்கம்ஃபர்ட்டபிளா ஃபீல் பண்றாங்க. லிஃப்ட்ல பேசாம இருந்தா எல்லாருக்கும் நல்லது" என்றார். பாய் எழுந்து நின்று கும்பிட்டு, "சரிங்க சார்" என்றாராம்.

அன்றைக்கு நிறுத்தியவர்தான். முதலில் லிஃப்டில் பேசவில்லை. அப்புறம் வராந்தாவில் பேசவில்லை. அப்புறம் கீழே போவது நின்றது. பெரியவர்களுக்கு ஏசி வேண்டும் என்று ஷோயப் பாயின் அறைக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டிருந்தான். மூடினால் சாலையில் ஹாரன் அடிப்பதுகூடக் கேட்காது. அந்த ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் வெள்ளைச் சுவர். பாய் அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நாலு மாதம் போனது. ஷோயப் அந்த ஜவுளிக்கடை முதலாளியிடம் போனில் அழுதிருக்கிறான். அதைக் கேட்டவன் டீக்கடையில் சொல்ல, நான் தலையாட்ட, அந்த வெட்கக்கேடு ஏற்கெனவே சொன்னதுதான்.

ஒரு புதன்கிழமை குல்சும் எனக்கு போன் செய்தார். "அண்ணே, அவுரு பேசி பதினோரு நாளாச்சு. சாப்புடுன்னா சாப்புடறாரு, படுன்னா படுத்துக்கறாரு. பேச்சு மட்டும் இல்ல. நீங்க ஒருவாட்டி வந்து பாக்கறீங்களா?"

கடையைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டுப் போனேன். கீழே செக்யூரிட்டி என் பெயர், போன் நம்பர், யாரைப் பார்க்க வந்தேன், எதற்கு வந்தேன் என்று நோட்டில் எழுதச் சொன்னான். எதற்கு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? "சும்மா" என்று எழுதினேன். சும்மா யாரும் வருவதில்லையாம், இரண்டு முறை பார்த்தான்.

கதவைத் திறந்த குல்சுமை எனக்கு அடையாளமே தெரியவில்லை. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். மூச்சு இரைக்கவில்லை. சமையலறை ஜன்னலைக் காட்டினார். அந்தப் பக்கம் மரங்கள், அதற்குப் பின்னால் பரங்கிமலை, மலை மேல் மேகம். காற்று அள்ளிக்கொண்டு வந்தது. பால்கனியில் புதினாவும் ஒரு ரோஜாச் செடியும் வைத்திருந்தார். இன்ஹேலரைத் தொட்டு மூன்று மாதமாகிவிட்டதாம். இதையெல்லாம் சொல்லும்போதே ஏதோ திருடிவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு மட்டும் நல்லா கீதுண்ணே" என்றார்.

மனநல டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். நல்ல டாக்டரம்மா, முக்கால் மணி நேரம் கேட்டாராம். மனச்சோர்வு, சரியாகும், நாளாகும் என்று மாத்திரை எழுதியிருக்கிறார். வீட்டில் எல்லாம் வசதியாக இருக்கிறதா என்று அவர் கேட்டதற்கு, ஷோயப், ஃபிசா, குல்சும் மூன்று பேருமே "ரொம்ப வசதி மேடம்" என்று சொல்லியிருக்கிறார்கள். பொய் இல்லையே.

உள்ளே போனேன். பாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "இன்னா பாய்" என்றேன். திரும்பினார். என்னைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது; வாய் திறக்கவில்லை. நானே ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். ஐந்தரை அடி ஆள் கட்டிலில் பிள்ளை மாதிரி சுருண்டு கிடந்ததை மறக்க முடியவில்லை.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். ஆனால் வேறு எந்த யோசனையும் தோன்றவில்லை. எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது: சத்தம் இல்லாமல்தான் இவர் வாடுகிறார். மீனைத் தரையில் போட்டுவிட்டு அமைதியாக இரு என்றால் எப்படி? அதனால் சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் நெறிபடுகிற நேரம், பாய் நின்ற அதே மூன்றாவது படியில் என் போனை வைத்து நாற்பது நிமிஷம் பதிவு செய்தேன். பூக்காரம்மா, குடைக்காரன், "ஓரம் போ" என்று தள்ளுவண்டிக்காரன், ஸ்டேஷன் மைக், ரயில், ஒரு குழந்தையின் அழுகை, எல்லாம் அச்சாக விழுந்திருந்தது. பெரிய விஞ்ஞானி மாதிரி ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் அவர் தலைமாட்டில் போட்டுவிட்டேன்.

பாய் எழுந்து உட்கார்ந்தார். குல்சும் என் கையைப் பிடித்துக்கொண்டார். முழுக்கக் கேட்டார். இரண்டாம் முறை போடச் சொல்லிச் சைகை செய்தார். போட்டேன். ஒவ்வொரு குரலுக்கும் தலையை அசைத்தார். முடிந்ததும் பதினைந்து நாள் கழித்து அவர் வாயிலிருந்து பேச்சு வந்தது.

"நான் இல்லாமலே நல்லாத்தான் கீது துரை."

சொல்லிவிட்டுத் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லையாம். நான் போனை உடைத்துப்போடாமல் வீடு வந்து சேர்ந்ததே பெரிது.

நாலு நாள் கழித்துக் குல்சும் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை அழுகை இல்லை, தீர்மானமாகப் பேசினார். "மாம்பலத்துல ஸ்டேஷன் பக்கமா சின்னதா ஒரு ரூமு பாருங்கண்ணே. எங்க ரெண்டு பேருக்கு மட்டும். ஜன்னல தொறந்தா தெருவு தெரியணும், அவ்ளோதான்."

"அப்போ இந்த வீடு? உன் ஒடம்பு?"

"அந்தச் சந்துல முப்பத்தாறு வருஷம் இருந்தேன், செத்தா போய்ட்டேன்? அவுரு இப்டியே கெடந்தா போய்டுவாருண்ணே. ஷோயபாண்ட பேசிட்டேன். அழுதான். பரவால்ல."

வேண்டாம் என்றால் பாய் போய்விடுவார். சரி என்றால் இந்தப் பொம்பளைக்கு வாழ்நாளில் முதல்முறை கிடைத்த காற்றை நான் பிடுங்குகிறேன். ஒரே வீடு ஒருத்தருக்கு மருந்தாகவும் இன்னொருத்தருக்கு விஷமாகவும் இருந்தால் எந்த வைத்தியன் தீர்ப்புச் சொல்வான்? என் சினேகிதன் பாய். ஆகவே ரூம் பார்த்தேன்.

ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் முதல் மாடி. செங்குத்தான படி பதினெட்டு. ஒரு அறை, சமைக்க ஒரு மூலை. தண்ணீர் கீழே அடிபம்பில் அடித்து மேலே தூக்க வேண்டும். நாலு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ். ஜன்னல் மட்டும் நன்றாக இருந்தது. திறந்தால் தெரு மொத்தமும் உள்ளே வந்துவிடும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரையும் ஆட்டோவில் அழைத்து வந்தேன். பாய் கைத்தாங்கலாக ஏறி, ஜன்னல் பக்கத்தில் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கீழே ஒரு பூக்காரி வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். பாயின் கழுத்து மெல்லத் திரும்பியது. ரயில் வந்தது, அதற்கும் திரும்பினார். முகத்தில் ரத்தம் ஊறுவதை நான் கண்ணால் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

குல்சும் அறையைச் சுற்றிப் பார்த்தார். சமையல் மூலைக்கு ஜன்னல் இல்லை. சுவரில் புகைக் கரி. "போதும்ணே, ரெண்டு பேருக்கு இன்னா வேணும்" என்றார். தண்ணீர் தூக்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று எனக்குக் காட்டுவதற்காகவோ என்னவோ, மூலையில் கிடந்த பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் படியில் காலடி. பாதியில் காலடி நின்றது. அந்தப் பழைய இரைப்பு மேலே வரைக்கும் கேட்டது.

பாய் ஜன்னலிலிருந்து எழுந்தார். யாரும் பிடிக்காமல் நடந்து படிக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். குல்சும் சுவரைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டாவது படியில் நின்றிருந்தார். பாய் இறங்கிப்போய் அவர் கையிலிருந்த பக்கெட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"வேணாம் குல்சும். நம்ம வூட்டுக்கே போலாம்."

குல்சும் மூச்சு வாங்கிக்கொண்டு, "அங்க இருந்தா நீங்க இப்டியேதான..." என்று ஆரம்பித்தார்.

"அங்க நீ பாடற."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாய் படியிலேயே உட்கார்ந்தார். நிறைய நாள் பூட்டிக் கிடந்த குரல், கரகரவென்று வந்தது. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "கண்ணாலம் கட்டி முப்பத்தாறு வருஷம் துரை. இவ பாடுவான்னு எனக்குத் தெரியாதுடா. அந்தச் சந்துல ஆறு குடும்பம், நடுவுல ஒரு செவுரு, எங்க வாயத் தொறக்கறது? ஃப்ளாட்டுக்குப் போனப்புறம், பசங்க வேலைக்குப் போனதும், இஞ்சி நசுக்கிக்கினே பாடறா. சின்ன வயசுல அவ ஊட்டுல கத்துக்கினது போல. மத்ததெல்லாம் எனக்கு இருட்டா கீது. அது ஒண்ணுதான் காதுல வுழுது. எழுந்து போனா வெக்கப்பட்டு நிறுத்திடுவாளோன்னு எழுந்திரிக்காம படுத்துக்கினு கேக்கறேன்."

குல்சும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கீழே யாரோ தண்ணீர்க்குடத்தோடு ஏற வழி கேட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் நகரவில்லை. அவர் நாலு மாதமாகப் படுத்தே கிடந்ததற்கு டாக்டர் சொன்ன காரணம் உண்மை, நான் சொன்ன காரணமும் உண்மை. இந்தப் பாட்டும் ஒரு காரணம் என்பதுதான் ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்தது.

குல்சும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபமாகவே சொன்னார்: "எழுந்து வந்து உக்காந்து கேளுங்க. நிறுத்தமாட்டேன்."

அந்த ரூம் சாவியை நானே கொண்டுபோய் ஹவுஸ் ஓனரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பாய் இப்போது வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நாலு நாள், பரங்கிமலையில் ரயில் ஏறி மாம்பலம் வருகிறார். என் கடையில் ஸ்டூல் போட்டு உட்காருகிறார், நிற்க விடுவதில்லை. நாலு மணிக்கெல்லாம் திருப்பி அனுப்பிவிடுவேன். மாத்திரை தொடர்கிறது. முழுக்கக் குணமாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். வராத நாளில் போன் செய்வேன். குல்சும்தான் எடுப்பார். "இன்னிக்கு மனசு சரியில்லண்ணே. சமயக்கட்டாண்ட சேர் போட்டு உக்கார வெச்சிருக்கேன்" என்பார். சரிம்மா, நீ வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.